ரைசன் 7 9700எக்ஸ், ஆர்டிஎக்ஸ் 5070 கணினிக்கு 650 வாட் எஸ்எம்பிஎஸ் போதுமா, 850 தேவையா?

கொங்கு எடிட்டர்

அனைவருக்கும் வணக்கம். திருமண வீடியோ எடிட்டிங் வேலைக்காகப் புதிய டெஸ்க்டாப் ஒன்றை அசெம்பிள் செய்ய இருக்கிறேன். ரைசன் 7 9700எக்ஸ் பிராசசர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், ஆர்டிஎக்ஸ் 5070 கிராபிக்ஸ் கார்டு, என்விஎம்இ எஸ்எஸ்டி இரண்டு, பழைய கணினியிலிருந்து கழற்றிப் போடவிருக்கும் ஹார்டு டிஸ்க் இரண்டு, ஐந்து விசிறிகள் என்று மற்ற எல்லாம் முடிவாகிவிட்டன. இவற்றுக்கெல்லாம் மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் மட்டும்தான் இழுபறியாக இருக்கிறது.

இணையத்தில் கிடைத்த கால்குலேட்டர் ஒன்று 430 வாட் போதும் என்கிறது. என்விடியா இந்த கார்டுக்கு 650 வாட் பரிந்துரைக்கிறது. ஈரோட்டில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்காரரோ 850 வாட்டுக்குக் குறையக் கூடாது என்கிறார். அதே மூச்சில், பட்ஜெட் இடித்தால் மூவாயிரத்துச் சொச்சத்துக்கு 750 வாட் ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். அந்த 750 வாட் பெட்டியில், மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்று காட்டும் 80 பிளஸ் முத்திரை எதுவும் இல்லை. அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரில் இருப்பவற்றை அப்படியே குறித்து வந்தேன்: +3.3 வோல்ட் 22 ஆம்பியர், +5 வோல்ட் 25 ஆம்பியர், +12 வோல்ட் ஒன்று 16 ஆம்பியர், +12 வோல்ட் இரண்டு 16 ஆம்பியர், இரண்டும் சேர்ந்து அதிகபட்சம் 336 வாட், இன்புட் 200 முதல் 240 வோல்ட்.

இன்னும் இரண்டு விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். வேலை செய்யும் அறை மாடியில், மேலே ஷீட் போட்டது. சித்திரை, வைகாசியில் உள்ளே உட்கார முடியாது. எங்கள் தெருவில் தறிப் பட்டறைகள் அதிகம் என்பதால் மாலையில் மின்னழுத்தம் 180 வோல்ட் வரை இறங்கும். கையில் 600 விஏ யுபிஎஸ் ஒன்று இருக்கிறது, அதையே தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று நினைக்கிறேன். எத்தனை வாட் வாங்குவது, அந்த 750-ஐ நம்பலாமா என்று விவரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

ரிச்சி தெருவாசி

வணக்கம் நண்பரே. ஸ்டிக்கரைக் குறித்து வந்ததால் பாதி வேலை முடிந்துவிட்டது. முதலில் உங்கள் கணினி உண்மையில் எவ்வளவு இழுக்கும் என்று பார்ப்போம்.

9700எக்ஸ் 65 வாட் பிராசசர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஏஎம்டி அதற்கு வைத்திருக்கும் உண்மையான உச்ச வரம்பு 88 வாட். மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் 105 வாட் என்ற கூடுதல் வேக முறையை இயக்கினால் அந்த வரம்பு 142 வாட்டுக்குப் போகும். எடிட்டிங் செய்பவர்கள் அதை இயக்கிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள் என்பதால் 142 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டிஎக்ஸ் 5070-இன் அளவு 250 வாட். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க், விசிறிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 70 வாட் தாராளம். ஆக மொத்தம் 460 வாட் அளவு. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஒரே நேரத்தில் முழுச் சக்தியில் ஓடும் வேலை எடிட்டிங்கில் அபூர்வம். எக்ஸ்போர்ட் ஓடும்போது ஒன்று முழுதாகவும் மற்றொன்று பாதியாகவும்தான் ஓடும். எனவே 460 என்பது கடைசி எல்லை, அன்றாட நிலவரம் 300-ஐ ஒட்டியே இருக்கும்.

அப்படியானால் 500 வாட் போதுமே என்று தோன்றும். இங்கேதான் கால்குலேட்டர்கள் சொல்லாமல் விடும் ஒன்று இருக்கிறது. 250 வாட் என்பது கிராபிக்ஸ் கார்டின் சராசரி. கண் இமைப்பதற்கும் மிகக் குறைந்த நேரத்துக்கு அது அந்த அளவைத் தாண்டி எகிறி இறங்கிக்கொண்டே இருக்கும். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080, 3090 கார்டுகள் வந்தபோது, கணக்குப்படி போதுமான எஸ்எம்பிஎஸ் வைத்திருந்தவர்களுக்கும் விளையாட்டின் நடுவில் கணினி பட்டென்று அணைந்ததற்கு இந்த எகிறல்தான் காரணம்: எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று அதைப் பழுது என்று எடுத்துக்கொண்டு மின்சாரத்தை நிறுத்தியது. அந்த அனுபவத்துக்குப் பின் 2022-இல் வந்த, எஸ்எம்பிஎஸ்களுக்கான ஏடிஎக்ஸ் 3.0 விதி, இத்தகைய கார்டுகளுக்கான எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரு மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. ஆகவே ஏடிஎக்ஸ் 3.0 அல்லது 3.1 என்று போட்ட 650 வாட், அந்த விதிக்கு முந்தைய 750 வாட்டைவிட உங்கள் கார்டுக்குப் பொருத்தமாக இருக்க வாய்ப்பு உண்டு. என்விடியா 650 என்று சொல்வதும் எந்தக் கம்பெனி எஸ்எம்பிஎஸ் போடப்போகிறீர்கள் என்று தெரியாமல் கொஞ்சம் தாராளமாகச் சொல்வதுதான். நல்ல சரக்குக்கு அந்த எண் போதும்.

இப்போது கடைக்காரரின் 750-க்கு வருவோம். இன்றைய கணினியில் பிராசசர், கிராபிக்ஸ் கார்டு இரண்டுமே 12 வோல்ட்டில்தான் வாழ்கின்றன, 3.3, 5 வோல்ட் தடங்களில் போகும் சுமை மிகவும் சொற்பம். அந்த ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு மொத்தமே 336 வாட், அதாவது 28 ஆம்பியர். 16-ஐயும் 16-ஐயும் கூட்டி 32 என்று நினைக்க வைக்கத்தான் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள். சரி, மற்றவற்றையும் சேர்த்தே பார்ப்போம்: 3.3 வோல்ட்டில் 22 ஆம்பியர் என்றால் 73 வாட், 5 வோல்ட்டில் 25 ஆம்பியர் என்றால் 125 வாட். எல்லாவற்றையும் கூட்டினாலும் 534 வாட் வருகிறது. ஸ்டேண்ட்பை தடத்தையும் மைனஸ் 12-ஐயும் சேர்த்தாலும் 550-ஐச் சுற்றித்தான் நிற்கும். மீதி 200 வாட் பெட்டியில் அச்சடித்த மையில் மட்டும்தான் இருக்கிறது. உங்களுக்கு 12 வோல்ட்டில் மட்டும் 430 வாட் வரை தேவைப்படலாம். அந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க, எந்த நல்ல 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரையும் பாருங்கள். 12 வோல்ட் ஒரே தடமாக 54 ஆம்பியரை ஒட்டி, அதாவது ஏறத்தாழ முழு 650 வாட்டும் அதிலேயே இருக்கும். கடைக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது அந்த ஒரு எண்ணைத்தான்.

பிராண்டு பெயரை மட்டும் கேட்டு வாங்குவதிலும் பயனில்லை. ஒரே பிராண்டு தன் கீழ்த்தட்டு வரிசையை ஒரு தொழிற்சாலையிலும் மேல்தட்டு வரிசையை வேறொரு தொழிற்சாலையிலும் செய்து வாங்கும். கோர்சேரின் ஆர்எம்எக்ஸ் வரிசையைச் செய்தது தைவானின் சேனல் வெல். சீசோனிக் போன்ற சிலர்தான் தாங்களே தயாரிக்கிறார்கள். எனவே வரிசையின் முழுப் பெயரைக் குறித்துக்கொண்டு, சைப்ரஸைச் சேர்ந்த சைபெனெட்டிக்ஸ் ஆய்வகத்தின் பக்கத்தில் தேடுங்கள். அவர்கள் 230 வோல்ட்டிலும் சோதித்து முடிவுகளை வெளியிடுகிறார்கள் என்பதால் நமக்கு அது நேரடியாகப் பயன்படும்.

ஓய்வுபெற்ற மின்பணியாளர்

தம்பி, வாட் கணக்கை மேலே நண்பர் சரியாகவே போட்டுவிட்டார். நான் சுவரிலிருந்து எஸ்எம்பிஎஸ் வரைக்கும் உள்ள பகுதியைப் பேசுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்வியில் என் கண்ணுக்கு முதலில் பட்டது "200 முதல் 240 வோல்ட்" என்ற வரிதான். உங்கள் தெருவில் மாலையில் 180 வோல்ட் என்கிறீர்கள். 200-க்குக் கீழே அந்தப் பெட்டி ஓடும் என்று அதைச் செய்தவரே உறுதி சொல்லவில்லை. நல்ல எஸ்எம்பிஎஸ்களில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்பவை. 180 என்ன, 150-க்கு இறங்கினாலும் அவை அசராது. அத்தகையதை வாங்கினால் கணினிக்கென்று தனியாக ஸ்டெபிலைசர் பெரும்பாலும் தேவைப்படாது. நல்ல பிராண்டுகளிலும் விலை குறைந்த சில வரிசைகள் 200 முதல் 240 வோல்ட் மட்டும் ஏற்பவையாக வருகின்றன என்பதால், முத்திரையைப் பார்ப்பதோடு நிற்காமல் இந்த வரியையும் படித்துவிட்டு வாங்குங்கள்.

அடுத்தது யுபிஎஸ். 600 விஏ யுபிஎஸ் கொடுக்கக்கூடியது 360 வாட்தான். உங்கள் கணினி 460 வாட் கேட்டால், எஸ்எம்பிஎஸ் தன் இழப்பையும் சேர்த்துச் சுவரிலிருந்து 510 வாட் இழுக்கும்; மானிட்டர் தனி. எக்ஸ்போர்ட் ஓடும்போது கரண்ட் போனால் அந்த யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும் கணத்திலேயே கீச்சிட்டு அணைந்துவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது உண்மையான சைன் அலையைத் தருவதில்லை, படிப்படியாக வெட்டிய ஒரு அலையைத்தான் தருகின்றன. இன்றைய எஸ்எம்பிஎஸ்களில் உள்ளே வரும் மின்சாரத்தைச் சீராக இழுக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி சுற்றுக்குச் சில நேரம் அந்த அலை ஒத்துவராது. சும்மா இருக்கும்போது பிளக்கைப் பிடுங்கிச் சோதித்தால் எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். சுமை ஏறியிருக்கும்போதுதான் காலை வாரும். ஆகையால் 1000 விஏ-க்குக் குறையாத, குறைந்தது 600 வாட் தரும், சைன் அலை யுபிஎஸ்ஸுக்கும் பட்ஜெட்டில் இடம் ஒதுக்குங்கள். கோப்பைச் சேமித்துவிட்டு முறையாக அணைக்க ஐந்து நிமிடம் கிடைத்தால் போதுமானது.

வீட்டு இன்வெர்ட்டரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டலாம், ஆனால் அதன் பின்புறச் சுவிட்ச் யுபிஎஸ் முறையில் இருக்க வேண்டும். மற்ற முறையில் கரண்ட் போய் பேட்டரிக்கு மாற எடுக்கும் நேரம் பல மடங்கு அதிகம். உள்ளே வரும் மின்சாரம் நின்ற பிறகு எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டரில் தேங்கியதை வைத்துச் சமாளிப்பது சில மில்லி விநாடிகள்தான், ஏடிஎக்ஸ் 3.1 விதி முழுச் சுமையில் 12 மில்லி விநாடியும் 80 சதவீதச் சுமையில் 17 மில்லி விநாடியும் கேட்கிறது. சுமை குறையக் குறைய இந்த அவகாசம் கூடும். 460 வாட் கணினிக்கு 500 வாட் எஸ்எம்பிஎஸ் போடாமல் 650 போடுவதில் நம் ஊருக்கென்று ஒரு லாபம் இருக்கிறது என்றால் அது இதுதான்: யுபிஎஸ் மாறும் இடைவெளியை அது கூடுதல் நிதானத்தோடு தாண்டும்.

எர்த் பற்றி யாரும் கேட்பதில்லை, நீங்களும் கேட்கவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே ஃபேஸிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் அதன் உலோக உடம்புக்கு இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் போட்டிருப்பார்கள். எர்த் இணைப்பு இல்லையென்றால் அவற்றின் வழியாகக் கேபினட்டின் உடம்பில் ஏறத்தாழ பாதி மின்னழுத்தம், 115 வோல்ட் அளவு, வந்து நிற்கும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைக் கொல்லாது. வெறுங்காலோடு நின்று கேபினட்டின் திருகைத் தொட்டால் சுரீர் என்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் கேமராவையும் ஹார்டு டிஸ்கையும் செருகிச் செருகி எடுக்கும் உங்கள் தொழிலில் யுஎஸ்பி போர்ட் போவதற்கு இது ஒரு நல்ல வழி. எலெக்ட்ரீஷியனை அழைத்து அந்த அறையின் பிளக்கில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 20, 30 என்று காட்டினால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், கணினி பிறகு. ஸ்பைக் பஸ்டரில் மூன்றாவது துளைக்குள் உண்மையிலேயே கம்பி போகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். சிலவற்றில் துளை மட்டும்தான் இருக்கும்.

மதுரை பில்டர்

மேலே இருவரும் சொன்னவற்றோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடுதான். ஆனால் 650 என்பதில் மட்டும் மாறுபடுகிறேன். எஸ்எம்பிஎஸ் என்பது ஒரு கணினியோடு முடிந்துபோகும் பொருள் இல்லை. நல்லவற்றுக்கு 7 முதல் 10 ஆண்டு உத்தரவாதம் தருகிறார்கள். அதற்குள் நீங்கள் கிராபிக்ஸ் கார்டை ஒரு முறையாவது மாற்றுவீர்கள். ஆர்டிஎக்ஸ் 4070 200 வாட்டாக இருந்தது, 5070 250 ஆகிவிட்டது; 5090 575 வாட்டில் நிற்கிறது. தொழிலுக்காக வாங்குபவர் ஒரே வரிசையில் 750 அல்லது 850 வாட் கிடைத்து, விலை வித்தியாசம் ஓர் இரண்டாயிரத்துக்குள் இருந்தால் அதற்கே போகலாம். சுமை பாதியில் நிற்பதால் விசிறி மெதுவாகச் சுற்றும். உங்கள் ஷீட் போட்ட அறைக்கு அது சாதாரண ஆதாயமில்லை.

வெப்பத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 80 பிளஸ் முத்திரைக்கான சோதனை 23 டிகிரி அளவில் நடப்பது. ஈரோட்டில் ஷீட்டுக்குக் கீழே சித்திரை மாதப் பிற்பகல் அதற்கு வெகு தூரம். தரமான எஸ்எம்பிஎஸ்கள் தங்கள் முழு வாட்டையும் 40 அல்லது 50 டிகிரியில் தொடர்ந்து தருவதாகக் குறிப்பிட்டிருக்கும். அப்படி எதுவும் குறிப்பிடாதவை குளுகுளு அறைக்கான கணக்கு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கெப்பாசிட்டர்களுக்கும் இதே கதைதான். 105 டிகிரி தாங்கும் வகையாக இருக்க வேண்டும். அதன்மேலும் அவற்றின் வெப்பம் பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இத்துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் கணக்கு.

தறிப் பட்டறைத் தெரு என்றீர்கள். எஸ்எம்பிஎஸ் விசிறி கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தினால், கேபினட்டின் அடிப்பக்க வலையில் பஞ்சு சாம்பல் நிறக் கம்பளி போலப் படிந்துவிடும். அப்படி அடைத்துக்கொண்ட வலையோடு வந்த கேபினட்டுகளைத் திறந்திருக்கிறேன். எஸ்எம்பிஎஸ் தொட முடியாத சூட்டில் இருந்தது, அதன் மேல் எந்தக் குறையும் இல்லை. வலையைப் பின்பக்கமாக உருவி எடுக்கும் வசதியுள்ள கேபினட்டாகப் பாருங்கள், தரையில் வைக்காமல் மேசை மேல் வையுங்கள்.

முத்திரை எது என்பதற்காக அதிகம் யோசிக்க வேண்டாம். பாதிச் சுமையில் வீணாகாமல் கிடைக்கும் மின்சாரம் வெண்கல முத்திரைக்கு 85 சதவீதம், கோல்டு முத்திரைக்கு 90 சதவீதம் என்பது 115 வோல்ட் சோதனையின் அளவு. நம் 230 வோல்ட்டில் இரண்டுமே சற்றுக் கூடும். 300 வாட் சுமைக்கு இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 20 வாட். நாளுக்கு ஆறு மணி நேரம் ஓட்டினாலும் இரண்டு மாத மின்கட்டணத்தில் 7 யூனிட்தான். மின்கட்டணத்தை மிச்சப்படுத்துவதற்காகக் கோல்டு வாங்குவதில் அர்த்தமில்லை. கோல்டு முத்திரைக்குப் போகும் வரிசைகளில் உள்ளே இருக்கும் பாகங்களும் பொதுவாக நன்றாக இருக்கின்றன என்பதற்காக வாங்கலாம். பிளாட்டினம், டைட்டானியம் எல்லாம் உங்களுக்குத் தேவையே இல்லை, அந்தப் பணத்தை யுபிஎஸ்ஸில் போடுங்கள்.

ரிச்சி தெருவாசி

மதுரை நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே வரிசையில் 650-க்கும் 750-க்கும் சிறிய வித்தியாசம் என்றால் நானும் 750-ஐத்தான் எடுப்பேன். ஆனால் கடைகளில் நடப்பது வேறு. 650 கோல்டுக்கு வைத்திருந்த பணத்தில் 850 வேண்டும் என்று கேட்கும்போது, அதே விலைக்கு ஒரு படி தாழ்ந்த வரிசையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அப்படி ஒரு நிலை வந்தால் வாட்டை விட்டுக்கொடுங்கள், தரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள். 5090 போன்ற கார்டுக்கு என்விடியாவே 1000 வாட் கேட்கிறது. அதற்காக இன்றைக்கே 850 வாங்கி வைப்பதும் அரைகுறை ஏற்பாடுதான்.

கொங்கு எடிட்டர்

அனைவருக்கும் மிக்க நன்றி. மூவாயிரம் ரூபாய்ப் பெட்டி கைவிடப்பட்டது. ஏடிஎக்ஸ் 3.1, கோல்டு, 100 முதல் 240 வோல்ட், 12 வோல்ட்டில் 62 ஆம்பியர் உள்ள 750 வாட் ஒன்றை வேறொரு கடையில் பார்த்திருக்கிறேன்; 650-ஐவிட 900 ரூபாய்தான் கூடுதல். எர்த் பார்க்க நாளை மறுநாள் ஆள் வருகிறார். இன்னும் ஒரே ஒரு சந்தேகம். பழைய கணினியில் உள்ளதும் மாடுலர், அதாவது கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடிய, எஸ்எம்பிஎஸ்தான். ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் கொண்டுபோகும் அதன் சாட்டா கேபிள்கள் ஏற்கெனவே கேபினட்டில் அழகாகக் கட்டிய நிலையில் இருக்கின்றன. கேபினட் மாறவில்லை என்பதால் அவற்றை அப்படியே விட்டுவிட்டுப் புதிய எஸ்எம்பிஎஸ்ஸில் செருகிக்கொள்ளலாமா? முனைகள் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. கிராபிக்ஸ் கார்டோடு வரும் அடாப்டரைப் பயன்படுத்துவதா, எஸ்எம்பிஎஸ்ஸோடு வரும் கேபிளைப் பயன்படுத்துவதா என்பதையும் சொல்லுங்கள்.

மதுரை பில்டர்

கூடவே கூடாது. ஹார்டு டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொது விதி இருக்கிறது. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்த ஊசியில் எந்த வோல்ட் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறார், ஒரே பிராண்டிலேயே வரிசைக்கு வரிசை மாறுவதும் உண்டு. முனை கச்சிதமாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், டிஸ்க் அந்த நொடியே போய்விடும். உங்கள் வாடிக்கையாளர்களின் திருமணக் காட்சிகள் அந்த டிஸ்க்குகளில்தான் இருக்கின்றன என்று நினைக்கிறேன். கட்டியதை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டுப் புதிய பெட்டியில் வரும் கேபிள்களை மட்டும் போடுங்கள்.

கிராபிக்ஸ் கார்டுக்கு, எஸ்எம்பிஎஸ்ஸோடு 12வி-2எக்ஸ்6 என்ற புதிய வகை முனையுள்ள கேபிள் வருகிறது என்றால் அதையே நேரடியாகப் பயன்படுத்துங்கள். இணைப்புகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. அடாப்டர்தான் வழி என்றால், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து இரண்டு தனித்தனி எட்டு முனைக் கேபிள்களைக் கொண்டுவாருங்கள். ஒரே கேபிளில் இரட்டை வால் விட்டதை வேண்டாம். சாட்டா முனையிலிருந்து எட்டு முனைக்கு மாற்றித் தரும் அடாப்டரைக் கடையில் யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். சாட்டா முனை 12 வோல்ட்டில் தாங்குவது 54 வாட்தான், எட்டு முனை கேட்கக்கூடியதோ 150. புதிய முனையைச் செருகும்போது கார்டைக் கையில் பிடித்துக்கொண்டு, கேபினட்டில் பொருத்துவதற்கு முன்பே, கிளிக் என்று உட்காரும் வரை அழுத்திப் பாருங்கள். இடைவெளி ஒரு கோடு அளவுகூடத் தெரியக் கூடாது. முனையை ஒட்டியே கேபிளை மடக்காமல் மூன்றரை சென்டிமீட்டராவது நேராக விட்டு வளையுங்கள். உங்கள் கேபினட்டின் கண்ணாடிக் கதவு அதற்கு இடம் தருமா என்று டேப் வைத்து இப்போதே அளந்துவிடுங்கள்.